11 மாத ஒப்பந்தம், 10 ஆண்டுக் கடன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலும், சுங்குவார்சத்திரத்தைச் சுற்றிய கிராமங்களிலும் நிலம் வைத்திருப்பவர்கள் பலரின் மனதில் இன்று ஒரே ஒரு தொழில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. லேடீஸ் ஹாஸ்டல். ஆலைக்கு வரும் பெண்களுக்குத் தங்க இடம் வேண்டும். நம்மிடம் இடம் இருக்கிறது. வங்கி கடன் தருகிறது. கட்டிவிட்டால் மாதாமாதம் வாடகை. கேட்கும்போது இதில் ஒரு குறையும் தெரியாது. அரசு வங்கி ஒன்றில் சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். யோசனை கேட்டு வருகிறவர்களிடம் ஹாஸ்டல் கட்டாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. கையில் இருக்கும் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு, வாங்கப்போகும் கடன் எத்தனை மாதத்துக்கு என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள் என்கிறேன்.

அண்மையில் ஒரு கணவனும் மனைவியும் திட்ட அறிக்கையோடு வந்தார்கள். நிலம் கையகப்படுத்தியதில் கிடைத்த இழப்பீடும் சேமிப்பும் சேர்த்துக் கையில் 1 கோடி ரூபாய். மிச்சமிருக்கும் 30 சென்ட்டில் நான்கு தளம், 200 படுக்கை. கட்டடம், கட்டில், ஜெனரேட்டர், போர்வெல், குடிநீர் இயந்திரம் எல்லாம் சேர்த்து 3 கோடி. இதில் 2 கோடி வங்கிக் கடன். 10 ஆண்டு, வட்டி 10.5 சதவீதம். “ஊர்ல எல்லாரும் கட்றாங்க மேடம், நாங்க மட்டும் நிலத்தைச் சும்மா போட்டு வைக்கிறதா?” என்றார் கணவர். மனைவி அதிகம் பேசவில்லை. “கட்டில் காலியா கெடந்தா தவணையை யாரு கட்டுவாங்க?” என்று மட்டும் கேட்டார். 40 பக்க அறிக்கையில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அந்தக் கேள்வியிலிருந்தே கணக்கைத் தொடங்கினோம். ஒரு படுக்கைக்கு மாதம் 2,200 ரூபாய், சாப்பாடு தனி. ஒரு பெண்ணுக்கான மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் லாரி என 250 ரூபாய் போனால் நிற்பது 1,950. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகிற செலவு என்று ஒன்று உண்டு: வார்டன், காவலாளி, துப்புரவு, சொத்து வரி, பழுது. அதற்கு மாதம் 60,000. கடன் தவணை 2 லட்சத்து 70 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 3 லட்சத்து 30 ஆயிரம். இதை 1,950-ஆல் வகுத்தால் 170 வருகிறது. 200 படுக்கையில் 170 நிரம்பும்வரை அவர்கள் கைக்கு ஒரு ரூபாய் வராது. 31 கட்டில் காலியானால் சொந்தப் பணத்தை எடுத்துத் தவணை கட்ட வேண்டும்.

சரி, 200-ம் நிரம்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தவணை போக மிஞ்சுவது மாதம் 60,000. கையில் இருக்கும் அந்த 1 கோடியை 7 சதவீதத்தில் வைப்பு நிதியில் போட்டாலே மாதம் 58,000 வரும். வார்டனைத் தேட வேண்டாம், நள்ளிரவில் மோட்டார் எரிந்துபோனது என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். 10 ஆண்டு கழித்துக் கட்டடம் கடனில்லாமல் சொந்தமாகும் என்பது உண்மைதான். அது பெரிய சொத்து. வாடகையும் இதே 2,200-இல் நின்றுவிடாது. ஆனால் அந்தப் பத்தாவது ஆண்டுக்குப் போய்ச் சேர, நடுவில் 120 தவணை இருக்கிறது.

பிறகு எப்படி இந்தத் திட்டம் அறிக்கையில் அவ்வளவு அழகாக இருந்தது? 95 சதவீதப் படுக்கை முதல் மாதத்திலிருந்தே நிரம்பும் என்று போட்டிருந்தார்கள். வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று போட்டிருந்தார்கள். செலவு மட்டும் 10 ஆண்டும் அதே இடத்தில் நின்றது. இப்படிப் போட்டால் தவணையைத் தாங்கும் விகிதம், வங்கிக்காரர்கள் டி.எஸ்.சி.ஆர். என்று சொல்வது, சராசரியில் 1.5-ஐத் தாண்டிவிடும். வங்கி பார்க்கும் எண் அதுதான் என்பது அறிக்கை தயாரிப்பவருக்குத் தெரியும். என் பணிக்காலத்தில் என் மேசைக்கு வந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் அந்த எண்ணை அடைந்திருந்தன. கடன் கேட்பவர், தன் திட்டம் நல்லதா என்று தெரிந்துகொள்ள இந்த அறிக்கையை நம்பக்கூடாது. வங்கியின் கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்ட தாள் அது. அவருடைய கேள்விக்குப் பதிலை அவரேதான் ஒரு வெள்ளைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

“படுக்கைக்குப் பஞ்சமே வராது மேடம், எத்தனை கம்பெனி வருது பாருங்க” என்றார் கணவர். அவர் சொல்வதில் தவறில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1990-களில் ஹூண்டாய் வந்தது முதல் இந்தப் பகுதி நிற்கவே இல்லை. ஒரகடத்தில் ரெனோ–நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், செயின்ட் கோபெய்ன், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், வல்லம் வடகாலிலும் பிள்ளைப்பாக்கத்திலும் புதிய பூங்காக்கள். இன்னும் 20 ஆண்டு இங்கே வேலைக்கு ஆள் வந்துகொண்டேதான் இருப்பார்கள் என்று நானும் நம்புகிறேன். ஆனால் பகுதி வளர்வது வேறு, இந்த ஒரு கட்டடத்தின் 170 கட்டில் மாதம் தவறாமல் நிரம்பியிருப்பது வேறு.

நோக்கியாவை இங்கே யாரும் மறக்க முடியாது. 2005-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம். 2006 ஜனவரியில் உற்பத்தி தொடக்கம். உச்சத்தில் நேரடியாக மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். பெரும்பகுதி பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள். 2011-க்குள் 50 கோடிக் கைபேசிகளைச் செய்து அனுப்பிய ஆலை அது. அந்த ஆண்டில் யாராவது வந்து, “இந்த ஆலை மூன்று ஆண்டில் மூடும்” என்று சொல்லியிருந்தால் ஊரே சண்டைக்குப் போயிருக்கும். 2013-இல் 2,000 கோடிக்கு மேலான வருமான வரி வழக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கும் அறிவிப்பு. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது வரிப் பிணக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வெளியே விடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் போனார்கள். 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. அதன் பின்னாலேயே டிசம்பரில் அங்கே ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது.

நோக்கியா வளாகம் மீண்டது என்பதும் உண்மை. சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளும் செய்தி 2019 நவம்பரில் வந்தது. நடுவில் 5 ஆண்டு. 2010-இல் 10 ஆண்டுக் கடன் வாங்கி அந்தப் பெண்களை நம்பி அறை கட்டிய ஒருவருக்கு, ஆலை நின்றபோது பாதித் தவணைக்கு மேல் பாக்கி இருந்திருக்கும். மூன்று மாதம் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். இந்த மண் 5 ஆண்டு காத்திருந்து பிழைத்துக்கொள்ளும். 90 நாள் விதி யாருக்காகவும் காத்திருக்காது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகரிலும் இதே பயம்தான் பரவியது. அதற்கு முந்தைய ஆண்டு ஊரடங்கில் ஹாஸ்டல்கள் காலியானபோது ரிசர்வ் வங்கி 6 மாதத் தவணை அவகாசம் தந்தது. அந்த 6 மாதத்துக்கும் வட்டி ஓடியது.

ஆனால் ஆலை மூடுவதுதான் ஆபத்து என்று நினைத்தால் நாம் பாதியைத்தான் பார்க்கிறோம். ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹாஸ்டல் காலியாகலாம். காரணம், அந்தப் பெண்கள் எங்கே தூங்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. தங்கும் பெண் உங்கள் வாடிக்கையாளர் அல்லர். ஆட்களைத் தரும் ஒப்பந்தக்காரர்தான் படுக்கைகளை மொத்தமாக எடுக்கிறார். அவர் நிறுவனத்தின் சொல்லைக் கேட்கிறார். நிறுவனத்தின் பேருந்து எந்தச் சாலையில் வருகிறதோ அந்தச் சாலையில் உள்ள ஹாஸ்டல் நிரம்பும். பேருந்துத் தடம் மாறினால் போதும். இந்தத் தம்பதியிடம் ஒப்பந்தக்காரர் கொடுத்திருந்த மாதிரித் தாளை வாங்கிப் படித்தேன். 11 மாதம். இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம். நிரப்புவதற்கான குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் இல்லை. 120 மாதக் கடனுக்கு ஆதாரம், 30 நாளில் கிழித்துவிடக்கூடிய ஒரு தாள்.

இதோடு வல்லம் வடகாலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 17-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கே திறந்து வைத்த, அரசுத் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட்டின் குடியிருப்பில் 18,720 பெண்கள் தங்கலாம். 10 மாடிக் கட்டடங்கள் 13, செலவு 706.50 கோடி. ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்டது. நான் இதை மனதார வரவேற்கிறேன். இருபது வயதுப் பெண் ஊரைவிட்டு வந்து 12 பேரோடு ஒரு அறையில் படுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் திட்ட அறிக்கை போடுகிறவர் இதையும் எண்ணில் பார்க்க வேண்டாமா? 200 படுக்கை ஹாஸ்டல்கள் 93 ஒரே இடத்தில் எழுந்ததற்குச் சமம் அது. அந்தத் தம்பதியின் நிலத்திலிருந்து இருசக்கர வாகனத்தில் போய் வரும் தூரத்தில் இருக்கும் அந்தக் கட்டடம், 40 பக்க அறிக்கையில் ஒரு வரியில்கூட இல்லை. போட்டியாளர்கள் என்ற தலைப்பின் கீழ் “தேவை அதிகம் என்பதால் போட்டி பாதிக்காது” என்று மட்டும் இருந்தது.

என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். 17,000 பேர் வேலை பார்த்த ஆலை நின்றது. தொலைவில் உள்ள சில ஹாஸ்டல்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லி, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அப்போது எல்லோரும் ஹாஸ்டல் உரிமையாளர்களின் பேராசையைப் பற்றிப் பேசினார்கள். பேராசைக்காரர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 11 மாதத் தாளில் தொழில் நடத்துகிறவர் எப்படி யோசிப்பார்? அடுத்த ஆண்டு இந்தப் பெண்கள் இருப்பார்களா என்று தெரியாதபோது, போட்ட பணத்தை இந்த ஆண்டே எடுக்கப் பார்ப்பார். எட்டுப் பேர் அறையில் நாலு கட்டில் கூடுதலாக விழும். கழிப்பறை கட்ட வேண்டிய இடத்தில் இன்னொரு அறை வரும். தண்ணீர் லாரி ஒரு நடை குறையும். 170 கட்டில் நிரம்பினால்தான் தவணை என்ற கணக்கில் மாட்டிக்கொண்ட நல்ல மனிதரும் இதைத்தான் செய்வார். அந்தப் பெண்களின் தட்டில் விழுந்த கெட்ட சோற்றுக்கும் இந்தக் குறுகிய ஒப்பந்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு திட்டம் லாபகரமானதா என்று பார்க்கும்போது, அது எத்தனை பேரை நெருக்கினால் லாபமாகிறது என்பதையும் பார்ப்பதே முறை. 200 பேர் என்று வரைந்த கட்டடம் 260 பேர் இருந்தால்தான் தாங்கும் என்றால், அந்தத் திட்டம் கைவிட வேண்டியது.

அப்படியானால் அந்தத் தம்பதி என்ன செய்வது? அதே நிலத்தில் தரைத்தளமும் முதல் தளமும் மட்டும், 80 படுக்கை என்று போட்டுப் பார்த்தோம். மேலே இரண்டு தளம் பிறகு எழுப்பும்படி அஸ்திவாரம். செலவு 1 கோடியே 25 லட்சம். கடன் 25 லட்சம்தான். தவணை 34,000. நிலையான செலவு 35,000. 36 கட்டில் நிரம்பினால் தவணையும் செலவும் அடைபட்டுவிடும். 80-ம் நிரம்பினால் மாதம் 87,000 மிஞ்சும். 200 படுக்கையில் மிஞ்சியது 60,000. படுக்கை பாதிக்கும் கீழே, கைக்கு வருவது ஒன்றரை மடங்குக்குக் கிட்டே. வித்தியாசம் முழுவதும் கடனின் தவணைதான். கணவர் அந்த இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார்.

அறைகளை வரையும்போதே, இரண்டு அறையை இணைத்தால் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கும் வீடாகும்படி தண்ணீர்க் குழாயும் சமையல் மேடைக்கு இடமும் விட்டு வரையச் சொன்னேன். ஒப்பந்தக்காரர் போய்விட்டால் ஒரகடத்துக்கு மாற்றலாகி வரும் ஃபிட்டரும் சூப்பர்வைசரும் அங்கே குடிவருவார்கள். ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் நிலை மாறும். இன்னும் சில சில்லறைக் காரியங்கள்: 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டப்படி ஆட்சியரிடம் பதிவு, கட்டட அனுமதி, தீயணைப்புச் சான்று. ஒருவர் தொடர்ந்து 90 நாள் தங்கி, மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை என்றால் ஜி.எஸ்.டி. இல்லை, கட்டடத்தை மொத்தமாக ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்தால் இதே சலுகை நிற்குமா என்பதைத் தணிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒன்று, இது சில்லறையில்லை. வாராக்கடனுக்காக வங்கி நேரடியாகச் சொத்தை எடுக்க வழி தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது. அதே நிலத்தில் ஹாஸ்டல் எழுப்பி அடமானம் வைத்தால் அந்தக் காப்பு போய்விடும். தாத்தா காலத்திலிருந்து வந்த நிலம் என்பது அடமானப் பத்திரத்துக்குத் தெரியாது.

மனைவி நல்லதொரு காரியம் செய்திருக்கிறார். அடுத்த 5 ஆண்டில் இந்த வட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பு எங்கெங்கே, எத்தனை படுக்கை கட்டப்போகிறீர்கள் என்று சிப்காட்டுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி அனுப்பியிருக்கிறார். இதை ஒரு விவசாயக் குடும்பம் மனுப்போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? புதிய பூங்கா அறிவிக்கும்போதே, தொழிலாளர் தங்கும் இடத்தில் அரசு எவ்வளவு கட்டும், தனியாருக்கு எவ்வளவு விடும் என்பதையும் அறிவித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். தங்கள் தொழிலாளருக்காகப் படுக்கை எடுக்கும் பெரிய நிறுவனங்களிடம், குறைந்தது 5 ஆண்டு ஒப்பந்தம், இடையில் விலகினால் 6 மாத வாடகை என்பதை அரசு நிபந்தனையாக வைக்கலாம். நிலத்தையும் சலுகையையும் மின்சாரத்தையும் கொடுக்கும் அரசுக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. 5 ஆண்டு உறுதி இருந்தால் உரிமையாளர் நாலு கழிப்பறை கூடுதலாகக் கட்டுவார். அந்தப் பெண்களுக்கும் அதில் நியாயம் கிடைக்கும்.

வங்கிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஹாஸ்டல் கடன் விண்ணப்பத்தில் 95 சதவீதம் என்று எழுதியிருந்தால், அந்த 95-ஐ உறுதி செய்யும் தாள் எங்கே என்று கேளுங்கள். தாள் 11 மாதத்துக்கு என்றால், பாதிக் கட்டில் காலியாக இருந்தால் தவணை எங்கிருந்து வரும் என்று விண்ணப்பதாரர் எதிரிலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஜாமீன் நிலம் கடனைப்போல் இரண்டு மடங்கு மதிப்புள்ளது என்ற ஒரே காரணத்துக்காக 2 கோடிக்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள். அந்த நிலத்தை நீங்கள் ஏலம் விடுகிற நாளில் உங்கள் கணக்கு நேராகிவிடும், அவர்கள் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். இந்தத் தம்பதியின் 25 லட்சம் விண்ணப்பம் இன்னும் எழுதப்படவில்லை. 5 ஆண்டு ஒப்பந்தம் தருவீர்களா என்று ஒப்பந்தக்காரருக்கு அனுப்பிய கடிதத்துக்கும், சிப்காட்டுக்குப் போன மனுவுக்கும் பதில் வந்த பிறகுதான் அதில் கையெழுத்துப் போடுவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.